கதையில் ஒரு பொருள் எப்போது குறியீடாகிறது? நவீன அமெரிக்கப் புனைகதை வழியாக ஓர் அறிமுகம்

அமெரிக்க நாவல்களையும் சிறுகதைகளையும் படிக்கத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் கதைக்கு முன்பாகவே அதைப் பற்றிய விளக்கங்களைச் சந்தித்துவிடுகிறார்கள். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயில்கிறவர்களுக்குக் கிடைக்கும் உதவி நூல்களில் கருப்பொருள், குறியீடு என்ற இரண்டு தலைப்புகள் தவறாமல் இருக்கும். அவற்றின் கீழே, பச்சை விளக்கு என்றால் நம்பிக்கை, சாம்பல் என்றால் சீரழிவு, மரம் என்றால் வாழ்வு என்று வாய்ப்பாடு போல ஒரு பட்டியலும் இருக்கும். அதை மனப்பாடம் செய்து தேர்வில் தேறிவிடலாம். ஆனால் பச்சை விளக்குக்கு நம்பிக்கை என்பதுதான் பொருள் என்றால், அந்த ஒரு சொல்லோடு முடித்துக்கொள்ளாமல் அது வரும் நாவலை எழுதியவர் ஒன்பது அத்தியாயங்கள் ஏன் எழுதினார் என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலில் விடை கிடைக்காது. குறியீடு கதைக்குள் எப்படி உருவாகிறது, எப்படி மாறுகிறது என்பதை இருபதாம் நூற்றாண்டு அமெரிக்கப் புனைகதைகள் சிலவற்றைக் கொண்டு இங்கே பார்க்கலாம். சில கதைகளின் முடிவையும் சொல்ல நேரிடும் என்பதை முன்கூட்டியே தெரிவித்துவிடுகிறேன்.

முதலில் கருப்பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒரு கதை எதைப் பற்றியது என்று கேட்டால் காதல், போர், நிறவெறி, பணம் என்று ஏதாவது ஒரு விடை சொல்வோம். இவை பேசுபொருள்கள். ஒரே பேசுபொருளை வைத்துக்கொண்டு ஒன்றுக்கொன்று நேர் எதிரான கதைகளை எழுத முடியும். அந்தப் பேசுபொருளைக் கதை எந்தப் பக்கத்திலிருந்து விசாரிக்கிறது, விசாரித்து எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதே கருப்பொருள். தொடக்க வாசகர்கள் அதை ஒற்றைச் சொல்லாகச் சொல்லாமல் ஒரு கேள்வியாகச் சொல்லிப் பார்ப்பது நல்லது.

எஃப். ஸ்காட் ஃபிட்ஸ்ஜெரால்ட் எழுதி 1925 ஏப்ரலில் வெளிவந்த ‘தி கிரேட் கேட்ஸ்பி’ நாவலை எடுத்துக்கொள்வோம். வடக்கு டகோட்டாவில் வசதியற்ற விவசாயக் குடும்பத்தில் பிறந்த கேட்ஸ்பி என்பவன், மதுவிலக்குக் காலத்தில் கள்ளத்தனமான வழிகளில் பெரும்பணம் சேர்க்கிறான். ஐந்தாண்டுகளுக்கு முன் தன்னைக் காதலித்துவிட்டு வேறொரு செல்வந்தனை மணந்துகொண்ட டெய்சியின் வீட்டுக்கு நேர் எதிர்க்கரையில் ஒரு மாளிகையை வாங்கி, என்றாவது ஒருநாள் அவள் வந்துவிடமாட்டாளா என்ற எண்ணத்தில் ஊரையெல்லாம் கூட்டி விருந்து வைக்கிறான். இந்த நாவலின் கருப்பொருள் ‘அமெரிக்கக் கனவு’ என்று எழுதுவது வழக்கம். அந்தத் தொடர் பரவலாகப் புழக்கத்துக்கு வந்ததே நாவல் வெளியாகி ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1931இல் ஜேம்ஸ் ட்ரஸ்லோ ஆடம்ஸ் என்ற வரலாற்றாசிரியர் எழுதிய நூலின் வழியாகத்தான். நாவலுக்குள் அந்தத் தொடர் எங்குமே இல்லை. அதைத் தவறான விடை என்று சொல்ல முடியாது. அளவுக்கு மீறிப் பொதுவான விடை என்று சொல்லலாம். பிறவிப் பணக்காரர்கள் புதுப்பணக்காரனைத் தங்களில் ஒருவனாக ஏற்றுக்கொள்வார்களா, நடந்து முடிந்த ஐந்து ஆண்டுகளை இல்லையென்று ஆக்கிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்க முடியுமா, பணக்காரர்கள் செய்யும் சேதத்துக்கு விலை கொடுப்பது யார் என்று கேள்விகளாகப் பிரித்துக்கொண்டால், நாவலின் ஒவ்வொரு காட்சியும் எதற்காக அங்கே இருக்கிறது என்பது விளங்கத் தொடங்கும்.

இனி குறியீட்டுக்கு வருவோம். கதையில் வரும் ஒரு பொருளோ இடமோ செய்கையோ, தானாகவும் இருந்துகொண்டு, தன்னைத் தாண்டிய ஒன்றையும் நம் மனத்தில் எழுப்புமானால் அதைக் குறியீடு என்கிறோம். ‘தானாகவும் இருந்துகொண்டு’ என்ற பகுதியைத்தான் பலரும் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். உவமையில் ஒப்பிடப்படும் பொருள் கதைக்குள் இருக்கவேண்டிய கட்டாயமில்லை; ஒருத்தியின் முகம் நிலவு போன்றது என்று சொல்ல வானத்தில் நிலவு இருக்கத் தேவையில்லை. குறியீடு அப்படியல்ல. அது கதைக்குள் நிஜமாகவே இருக்கவேண்டும். பாத்திரங்கள் அதைத் தொடவோ பார்க்கவோ இழக்கவோ முடியவேண்டும்.

கேட்ஸ்பியின் பச்சை விளக்கையே எடுத்துக்கொள்ளலாம். முதல் அத்தியாயத்தின் முடிவில், பக்கத்து வீட்டுக்காரனும் கதைசொல்லியுமான நிக், இருட்டில் கேட்ஸ்பி தனியாக நின்று நீரை நோக்கிக் கைகளை நீட்டுவதைப் பார்க்கிறான். தொலைவில் நிற்கும்போதும் அவன் உடல் நடுங்குவது தெரிகிறது. அவன் பார்த்த திசையில் நிக்கும் பார்க்கிறான்; ஒரு படகுத்துறையின் முனையாக இருக்கக்கூடிய இடத்தில், மிகச் சிறியதாக ஒரு பச்சை விளக்கைத் தவிர அங்கே வேறெதுவும் இல்லை. அது யார் வீட்டு விளக்கு என்பதுகூட அப்போது நமக்குச் சொல்லப்படுவதில்லை. பச்சை நிறத்துக்கு எந்த விளக்கமும் தரப்படுவதில்லை. ஒரு மனிதன் ஒரு விளக்கைப் பார்த்து நடுங்குகிறான் என்பது மட்டுமே சொல்லப்படுகிறது. அந்த விளக்குக்கு அர்த்தம் வருவது நிறத்தினால் அன்று, அந்த நடுக்கத்தினால்தான்.

ஐந்தாம் அத்தியாயத்தில் டெய்சி உண்மையாகவே அவன் மாளிகைக்கு வந்துவிடுகிறாள். மூடுபனி மட்டும் இல்லையென்றால் வளைகுடாவுக்கு அப்பால் உன் வீடு தெரியும், உங்கள் படகுத்துறை முனையில் இரவு முழுக்க ஒரு பச்சை விளக்கு எரிகிறதே என்று அவளிடம் சொல்கிறான் கேட்ஸ்பி. சொன்னவன், தான் சொன்னதிலேயே அமிழ்ந்துபோகிறான். அந்த விளக்குக்கு இருந்த மாபெரும் மகத்துவம் இந்தக் கணத்தோடு மறைந்துவிட்டது என்பது அவனுக்கு உறைத்திருக்கலாம் என்று நிக் ஊகிக்கிறான். அது இப்போது மறுபடியும் படகுத்துறையில் எரியும் ஒரு பச்சை விளக்காகிவிட்டது, அவனிடம் இருந்த மாயப் பொருள்களின் எண்ணிக்கையில் ஒன்று குறைந்துவிட்டது என்கிறான். அதாவது, நாவலின் நடுவிலேயே எழுத்தாளர் அந்தக் குறியீட்டின் அர்த்தத்தைக் கழற்றி எடுத்துவிடுகிறார். விரும்பிய பெண் பக்கத்தில் நிற்கும்போது அவள் வீட்டு விளக்கு தேவைப்படாமல் போகிறது. அதோடு, விளக்கைப் பார்த்து ஏங்கிய காலத்தில் கிடைத்த ஏதோ ஒன்றை அந்தப் பெண்ணால் தர முடியாது என்பதும் மெல்லத் தெரியவருகிறது. கடைசிப் பக்கத்தில் கேட்ஸ்பி இறந்த பிறகு அதே விளக்கு திரும்பவும் வருகிறது. இந்த முறை, இந்த வீடுகள் இருக்கும் லாங் ஐலண்ட் தீவின் பசுங்கரையை முதன்முதலில் கண்ட டச்சு மாலுமிகளின் வியப்போடு அது சேர்த்துச் சொல்லப்படுகிறது; ஒரு தனிமனிதனின் ஏக்கமாக இருந்தது ஒரு நாட்டின் ஏக்கமாக விரிகிறது. ஏறுவது, இறங்குவது, மறுபடி விரிவது என்ற இந்த மூன்று நிலைகளில் ‘நம்பிக்கை’ என்ற சொல் முதலாவதற்கு மட்டுமே ஓரளவு பொருந்தும்.

இதே நாவலில் வரும் சாம்பல் பள்ளத்தாக்கையும் பலர் முழுக்கக் கற்பனை என்று நினைத்துக்கொள்கிறார்கள். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில், நகரத்து நிலக்கரி அடுப்புகளின் சாம்பலைக் கொண்டுவந்து கொட்டிய, கொரோனா என்ற இடத்துக் குப்பைமேடு அந்தக் காலத்தில் மெய்யாகவே இருந்தது. பின்னர் அதை அகற்றிச் சமப்படுத்தித்தான் 1939ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சியை நடத்தினார்கள். அமெரிக்க ஓப்பன் டென்னிஸ் போட்டிகள் இப்போது நடக்கும் பூங்கா அந்த இடத்தில்தான் இருக்கிறது. நாவலில் அந்தச் சாம்பல் வெளிக்கு மேலே ஒரு கண் மருத்துவரின் பழைய விளம்பரப் பலகை நிற்கிறது: முகம் இல்லாமல், மஞ்சள் மூக்குக்கண்ணாடி அணிந்த இரண்டு பெரிய நீலக் கண்கள் மட்டும். மனைவியை விபத்தில் இழந்த வில்சன் என்ற ஏழை மெக்கானிக், கடவுள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று சொல்லியபடி அந்தக் கண்களையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அது வெறும் விளம்பரம் என்று பக்கத்தில் இருப்பவன் அவனுக்கு எடுத்துச் சொல்கிறான். அந்தக் கண்களைக் கடவுளின் குறியீடு என்று உதவி நூல்கள் அடித்துச் சொல்லும். ஆனால் கதைக்குள் அப்படி வாசிப்பவன் துயரத்தில் நிலைகுலைந்த ஒருவன் என்பதையும், அந்த வாசிப்பு உடனே மறுக்கப்படுகிறது என்பதையும் சேர்த்துக்கொண்டால், கடவுள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு விளம்பரம் மட்டுமே மிஞ்சியிருக்கிறதோ என்ற இன்னும் கசப்பான எண்ணம் எழுகிறது.

குறியீடுகள் பளிச்சென்று தெரியாத கதைகளும் உண்டு. எர்னெஸ்ட் ஹெமிங்வே 1927இல் வெளியிட்ட ‘வெள்ளை யானைகளைப் போன்ற குன்றுகள்’ சில பக்கங்களே கொண்டது. ஸ்பெயினின் எப்ரோ பள்ளத்தாக்கில் இருக்கும் ஒரு ரயில் சந்திப்பு. மாட்ரிட் செல்லும் வண்டி வர நாற்பது நிமிடம் இருக்கிறது. ஓர் அமெரிக்க ஆணும் ஒரு பெண்ணும் குடித்துக்கொண்டே பேசுகிறார்கள். அவள் கருவைக் கலைத்துவிடவேண்டும் என்று அவன் வற்புறுத்துகிறான் என்பதே கதை; ஆனால் கருக்கலைப்பு என்ற சொல் கதையில் ஒரு முறைகூட வருவதில்லை. தொலைவில் தெரியும் குன்றுகள் வெள்ளை யானைகளைப் போல இருக்கின்றன என்று அவள் சொல்கிறாள். நான் வெள்ளை யானையைப் பார்த்ததே இல்லை என்று அவன் பேச்சை முறித்துவிடுகிறான். வேண்டாத பெருஞ்சுமை என்ற பொருளில் வெள்ளை யானையைப் பேச்சில் பயன்படுத்துவது நம்மிடமும் உள்ள வழக்கம்தான். சற்று நேரத்தில் அவளே, அழகான குன்றுகள், உண்மையில் யானைகளைப் போல இல்லை என்று தான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறாள். நிலையத்தின் ஒரு பக்கம் நிழலோ மரமோ இல்லாத வெளி. எழுந்து நடந்துபோய் மறுபக்கம் பார்த்தால் தானிய வயல்களும் ஆற்றங்கரை மரங்களும். எந்தப் பக்கம் எந்த முடிவு என்று ஹெமிங்வே சொல்வதில்லை. கதையில் எட்டில் ஒரு பங்கே மேலே தெரியவேண்டும், மீதி பனிப்பாறையைப் போல நீருக்கடியில் இருக்கவேண்டும் என்று அவர் 1932இல் எழுதிய கருத்துக்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது.

பொருள் முதலில் பொருளாக இருக்கவேண்டும் என்பதை வெளிப்படையாகவே சொன்னவர் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ஃப்ளானரி ஓ’கானர். அவருடைய ‘நல்ல நாட்டுப்புறத்து மக்கள்’ என்ற 1955ஆம் ஆண்டுச் சிறுகதையில், தத்துவத்தில் முனைவர் பட்டம் பெற்ற 32 வயதுப் பெண் ஒருத்தி தாயுடன் பண்ணை வீட்டில் வாழ்கிறாள். சிறுவயதில் வேட்டை விபத்தில் ஒரு காலை இழந்தவள், மரக்கால் அணிந்திருக்கிறாள். எதிலும் நம்பிக்கை இல்லாதவள் என்பதில் அவளுக்குப் பெருமை. ஆனால் அந்த மரக்காலை மட்டும் அவள் வேறு யாரையும் தொடவிடுவதில்லை. மற்றவர்கள் தங்கள் ஆன்மாவைப் பேணுவது போல, தனிமையில், ஏறக்குறைய தன் கண்களையே திருப்பிக்கொண்டு அதைப் பேணுகிறாள். வெகுளியாகத் தெரியும் பைபிள் விற்கும் இளைஞன் ஒருவனைத் தான்தான் மயக்கப்போகிறோம் என்று எண்ணிக்கொண்டு அவனுடன் வைக்கோல் பரணுக்கு ஏறுகிறாள். அவன் நயமாகப் பேசிக் காலைக் கழற்றவைத்து, அதைப் பெட்டிக்குள் பைபிள்களோடு திணித்துக்கொண்டு இறங்கிப் போய்விடுகிறான். நான் பிறந்ததிலிருந்தே எதையும் நம்பாதவன் என்று போகிற போக்கில் சொல்லிவிட்டும் போகிறான். இந்தக் கதையைப் பற்றிப் பின்னர் பேசியபோது, அந்தக் காலைக் குறியீடு என்று சொல்ல விரும்பினால் சொல்லிக்கொள்ளுங்கள், ஆனால் அது முதலில் ஒரு மரக்கால், மரக்காலாகவே அது கதைக்குத் தவிர்க்க முடியாதது என்று ஓ’கானர் விளக்கினார். அவன் அதைத் திருடப்போகிறான் என்பது அந்த இடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வரிகளுக்கு முன்புவரை தனக்கே தெரியாது என்றும் சொல்லியிருக்கிறார். அந்தக் காலை நீக்கிவிட்டால் கதையே நின்றுவிடும். ஏதாவது ஒன்று குறியீடுதானா என்ற ஐயம் எழுந்தால், அதை எடுத்துவிட்டால் கதை நடக்குமா என்று கேட்டுப் பார்ப்பது எனக்குத் தெரிந்தவரை மிகவும் பயன்படும் சோதனை.

மரம் என்றால் வாழ்வு என்ற வாய்ப்பாட்டை முற்றிலும் உடைத்துக்காட்டுகிற நாவல் டோனி மாரிசனின் ‘பிலவ்ட்’. 1987இல் வெளிவந்து அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. கென்டக்கியிலிருந்து தப்பி வந்த மார்கரெட் கார்னர் என்ற அடிமைப் பெண், 1856இல் பிடிபடும் தறுவாயில் தன் மகளைத் தன் கையாலேயே கொன்ற வரலாற்று நிகழ்ச்சியிலிருந்து இது பிறந்தது. நாவலின் நாயகி சேத்தியின் முதுகில், கர்ப்பிணியாக இருந்தபோது வாங்கிய சாட்டையடியின் தழும்புகள் இருக்கின்றன. அது சோக்செரி என்ற காட்டுச் செர்ரி மரம் போலிருக்கிறது, அடிமரம், கிளைகள், இலைகள், பூக்கள்கூட இருக்கின்றன என்று முதலில் வருணிப்பவள், தப்பியோடும் வழியில் அவளுக்கு உதவிய ஏமி என்ற ஏழை வெள்ளைக்காரப் பெண். சேத்தி அந்த முதுகைத் தானாகப் பார்த்ததே இல்லை, பார்க்கப்போவதும் இல்லை. அவளுடைய மாமியார் பேபி சக்ஸ் காண்பது மரத்தையன்று, போர்வையில் ரோஜாக்களாகப் பூக்கும் இரத்தத்தை. சேத்தியோடு அதே பண்ணையில் அடிமையாக இருந்து, பல ஆண்டுகள் கழித்து அவளைத் தேடி வரும் பால் டி, முதலில் அதை ஒரு கொல்லனின் நுட்பமான அலங்கார வேலையைப் போலக் கண்டு முத்தமிடுகிறான்; கூடிக் களைத்த பிறகு அதுவே அவனுக்கு அருவருப்பான தழும்புக் குவியலாகத் தெரிகிறது. மரங்கள் நம்பிப் பக்கத்தில் உட்காரக்கூடியவை, இது அப்படியில்லை என்று அவன் நினைத்துக்கொள்கிறான். அவன் அடிமையாக இருந்த பண்ணையில் ‘சகோதரன்’ என்று பெயரிட்டு அவன் நேசித்த ஒரு மரம் இருந்தது.

ஒரே முதுகு, பார்ப்பவரைப் பொறுத்து நான்கு விதமாகிறது. அதற்கும் மேலாக, அந்தப் பண்ணையை நினைக்கும்போது உலகிலேயே அழகான மரங்களில் தூக்கிலிடப்பட்ட இளைஞர்கள் தொங்கிய காட்சி சேத்தியின் நினைவுக்கு வருகிறது. இளைஞர்களைவிட அந்த மரங்கள்தான் தனக்குத் தெளிவாக நினைவிருக்கின்றன என்பதில் அவள் கூசிப்போகிறாள். இந்த நாவலில் மரம் எதைக் குறிக்கிறது என்று ஒரே சொல்லில் விடை கேட்பது, மாரிசன் அவ்வளவு பாடுபட்டுச் சேர்த்துக் கட்டிய அழகையும் கொடுமையையும் மறுபடி பிரித்துவைக்கச் சொல்வதாகும். அடிமை முறை ஒரு மனித உடலில் என்ன எழுதியது, எழுதப்பட்டதை வாசிக்கும் உரிமை யாருக்கு என்ற கருப்பொருள் இந்த முதுகின் வழியாகத்தான் நமக்கு வந்துசேர்கிறது.

எல்லாக் குறியீடுகளும் இப்படித் திறந்திருப்பதில்லை. ரால்ஃப் எலிசனின் ‘இன்விசிபிள் மேன்’ (1952) நாவலில், பெயர் சொல்லப்படாத கறுப்பின இளைஞன் ஒரு பெயின்ட் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்கிறான். அந்த நிறுவனத்தின் பெருமைக்குரிய வெள்ளைப் பெயின்ட் ஒவ்வொரு வாளியிலும் கறுப்புத் திரவத்தைப் பத்துச் சொட்டு விட்டுக் கலக்கவேண்டும். கறுப்பு மறைந்து வெள்ளை இன்னும் வெண்மையாகிவிடும். அரசாங்கத்துக்குப் போகும் பெயின்ட் அது. இங்கே என்ன சொல்லப்படுகிறது என்பதில் யாருக்கும் ஐயம் எழாது; சற்று உரக்கவே சொல்லப்படுகிறது என்பது என் எண்ணம். ஆனாலும் காட்சி உயிரோடு இருப்பதற்குக் காரணம், அந்த இளைஞனுக்குத் தத்துவக் கவலை எதுவும் இல்லை, வேலை போய்விடுமோ என்ற கவலைதான் இருக்கிறது என்பது. அந்த அவசரத்தில் தவறான தொட்டியிலிருந்து திரவத்தை எடுத்து வந்து கலந்துவிட்டு மேற்பார்வையாளனிடம் மாட்டிக்கொள்கிறான்.

எழுத்தாளர்கள் இதையெல்லாம் திட்டமிட்டுத்தான் எழுதுகிறார்களா என்று தொடக்க வாசகர்கள் எல்லோரும் கேட்பார்கள். 1963இல் சான் டியாகோவைச் சேர்ந்த ப்ரூஸ் மக்கலிஸ்டர் என்ற 16 வயது மாணவர், வகுப்பில் நடக்கும் குறியீட்டு வேட்டையால் சலித்துப்போய், 150 எழுத்தாளர்களுக்கு இதே கேள்வியை அஞ்சலில் அனுப்பினார். பாதிப்பேர் பதில் எழுதினார்கள். எலிசன் தந்த பதில் இந்தக் கட்டுரைக்கு மிகவும் பொருந்துவது: குறியீடு கதையின் நிகழ்வுகளிலிருந்து தானாக எழுகிறது, எழுவதைக் கவனித்துவிட்ட எழுத்தாளர் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம், வெளியிலிருந்து கொண்டுவந்து ஒட்டினால் வாசகருக்கு அது உறுத்தும் என்பது அதன் சாரம். ஓ’கானரின் இன்னொரு கதையில் வரும் கொலைகாரனின் தொப்பி ஏன் கறுப்பு என்று ஓர் ஆசிரியர் அவரிடம் கேட்டபோது, ஜார்ஜியாவில் நாட்டுப்புறத்து ஆண்கள் பெரும்பாலும் கறுப்புத் தொப்பிதான் போடுவார்கள் என்றார். அப்படியானால் அந்தத் தொப்பியின் முக்கியத்துவம் என்ன என்று மேலும் துளைத்தபோது, தலையை மூடுவதுதான் என்றார். அந்தத் தொப்பி எந்த நிறத்தில் இருந்தாலும் கதை மாறாமல் நடக்கும். மரக்கால் அப்படியல்ல.

எழுத்தாளரின் மறுப்பையும் அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கிழட்டு மீனவன் ஒருவனைப் பற்றிய ‘கடலும் கிழவனும்’ வெளிவந்த 1952 செப்டம்பரில் கலை வரலாற்றாசிரியர் பெர்னார்ட் பெரன்சனுக்கு எழுதிய கடிதத்தில், கடல் கடல்தான், கிழவன் கிழவன்தான், மீன் மீன்தான், குறியீடு என்று சொல்வதெல்லாம் பிதற்றல் என்று ஹெமிங்வே காட்டமாக எழுதினார். ஆனால் அதே நூலில், சுறாக்கள் வருவதைக் கண்டு கிழவன் எழுப்பும் ஒலியை, தன் கைகளை ஊடுருவி மரத்துக்குள் ஆணி இறங்கும்போது ஒரு மனிதன் எழுப்பக்கூடிய ஒலி என்று வருணித்திருப்பவரும் அவர்தான். கரை சேர்ந்த கிழவன் பாய்மரத்தைத் தோளில் சுமந்துகொண்டு மேடேறுகிறான், வழியில் விழுகிறான், குடிசையில் கைகளை விரித்துக் குப்புறப் படுக்கிறான். சிலுவைக் கதையை அறிந்த எவருக்கும் இதில் அது நினைவுக்கு வராமல் இருக்காது. கடிதத்தை நம்புவதா கதையை நம்புவதா என்று வந்தால் நான் கதையின் பக்கம்தான் நிற்பேன். கிழவன் இயேசு என்று சமன்பாடு எழுதிவிடக்கூடாது என்ற எச்சரிக்கையாக மட்டும் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொள்வேன்.

இவற்றைத் தாமே படித்துப் பார்க்க விரும்புகிறவர்கள் ஹெமிங்வேயின் ரயில் நிலையக் கதையில் தொடங்கலாம். அரை மணி நேரத்தில் இரண்டு முறை படித்துவிட முடியும், இரண்டாம் முறையில்தான் அது திறக்கும். அடுத்து ஓ’கானரின் மரக்கால் கதை. ‘கேட்ஸ்பி’யை முதல் முறை கதைக்காகவும், மறுமுறை விளக்கு வரும் இடங்களை மட்டும் பென்சிலால் குறித்துக்கொண்டும் படிக்கலாம். ‘பிலவ்ட்’ கால வரிசையில் செல்லாத, மனத்தைக் கனக்கவைக்கும் நாவல். அதை அவசரமில்லாத நாள்களுக்கு ஒதுக்கிவைத்துக்கொள்வது நல்லது.